அன்றாட உடை: ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கா?



பெருநாள் துணி எடுக்கும் காலம் நெருங்குகிறது. எந்தக் கடை, என்ன நிறம், எவ்வளவு விலை என்று எல்லா வீட்டிலும் பேச்சு தொடங்கியிருக்கும். பெருநாள் உடை ஒன்றிரண்டு நாள் உடை. மற்ற நாட்களில் நாம் உடுத்துவது கைலியும் பனியனும், நைட்டியும் ஷாலும், டி-ஷர்ட்டும் டிராக் பேண்டும், சுடிதாரும் அதன்மேல் புர்காவும்தான். ஆண்டு முழுவதும் உடம்போடு ஒட்டியிருக்கும் இந்தச் சாதாரண உடையைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. ஆகவே இம்மாதப் பாடத்திற்கு அதையே எடுத்துக்கொண்டோம்.

ஆண்கள் அன்றாடம் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பெண்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த வேறுபாட்டில் எது மார்க்கம், எது ஊர் வழக்கம், எது துணி தைத்து விற்பவர்கள் செய்துவைத்த ஏற்பாடு என்று பிரித்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம். இரவு உணவுக்குப் பிறகு வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டால் இன்னும் நல்லது. கடைசியில் சில கேள்விகள் உள்ளன.

1. ஆடைக்கு மூன்று வேலை

திருக்குர்ஆனில் ஆடையைப் பற்றிப் பேசும் வசனங்களில் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்போம். அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26ஆம் வசனம் ஆதமின் மக்கள் அனைவரையும் அழைத்துப் பேசுகிறது. மறைக்க வேண்டியதை மறைப்பதற்கும் அழகுக்கும் ஆடை அருளப்பட்டது என்பது அதன் கருத்து. இறையச்சம் என்னும் ஆடை எல்லாவற்றிலும் மேலானது என்றும் அங்கே சொல்லப்படுகிறது. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 81ஆம் வசனம் வேறொரு பயனைக் கூறுகிறது. வெப்பத்திலிருந்து காக்கும் ஆடையையும், போரில் காக்கும் கவசத்தையும் அல்லாஹ்வின் அருட்கொடைகளாக அது எண்ணிக் காட்டுகிறது.

ஆக ஆடைக்கு மூன்று வேலை: மறைத்தல், அழகூட்டல், பாதுகாத்தல். இந்த மூன்றும் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஆணுக்குப் பாதுகாப்பு, பெண்ணுக்கு மறைப்பு என்று பங்கு பிரித்துக் கொடுக்கப்படவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்போம்.

2. நம் வீட்டு அலமாரி என்ன சொல்கிறது?

வீட்டில் இருக்கும் ஆண் கைலி உடுத்துகிறார். சித்திரை வெயிலில் மேலே பனியன் மட்டும், சில நேரம் அதுவும் இல்லை. அதே கைலிமேல் ஒரு சட்டையை மாட்டினால் கடைக்குப் போகலாம், பள்ளிக்குப் போகலாம், பக்கத்துத் தெருவில் ஒரு பஞ்சாயத்துக்கும் போகலாம். பருத்தித் துணி, காற்றோட்டம், அளவுப் பிரச்சினை கிடையாது. வேலைக்கு ஏற்ப மடித்துக் கட்டலாம், இறக்கி விடலாம். இதைவிட வசதியான உடையைக் கண்டுபிடிப்பது கடினம்.

அதே வீட்டில் பெண் நைட்டி உடுத்துகிறார். காலிங் பெல் அடித்தால் ஓடிப்போய் ஷாலையோ துண்டையோ எடுத்து மேலே போட்டுக்கொள்கிறார். வெளியே போவதென்றால் சுடிதார் அல்லது சேலை, அதன்மேல் புர்கா, மக்கனா, பின். இவற்றில் பல, பாலியெஸ்டர் கலந்த துணிகள். புர்கா தைக்கப் பெரிதும் பயன்படும் நிதா துணியும் பாலியெஸ்டர் வகைதான். துவைத்தவுடன் காய்கிறது, இஸ்திரி வேண்டாம், கறுப்பு மங்குவதில்லை என்பதால் அதை விரும்புகிறோம். வியர்வையை அது உறிஞ்சாது என்பதை உடுத்தியவர் மட்டுமே அறிவார்.

கடையில் நடக்கும் பேச்சையும் கவனியுங்கள். ஆணுக்குத் துணி எடுக்கும்போது "காட்டனா? நாள்பட உழைக்குமா? இடுப்பு பிடிக்குமா?" என்று கேட்கிறோம். பெண்ணுக்கு எடுக்கும்போது "நிறம் எடுப்பாக இருக்கிறதா? பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? உடம்பு தெரியாதல்லவா?" என்று கேட்கிறோம். ஆணின் உடையை உடுத்துபவரின் உடம்பை வைத்தும், பெண்ணின் உடையைப் பார்ப்பவரின் கண்ணை வைத்தும் தேர்ந்தெடுக்கிறோம். நம் குடும்பங்களில் ஆண் உடைக்கும் பெண் உடைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான் என்பது நம் கருத்து.

இதனால் இரு பக்கமும் நட்டம். பெண்ணின் உடையில் பாதுகாப்பும் வசதியும் விடுபடுகின்றன. ஆணின் உடையில் மறைத்தல் என்ற கடமை விடுபடுகிறது. இரண்டையும் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

3. எது மார்க்கம், எது வழக்கம்?

ஆண், பெண் உடையில் மார்க்கமே வகுத்த வேறுபாடுகள் உண்டு. பட்டும் தங்கமும் பெண்களுக்கு ஆகும், ஆண்களுக்கு ஆகாது. ஆணின் கீழாடை கணுக்காலுக்கு மேலே இருப்பது சுன்னத். பெண்ணின் கீழாடை பாதத்தை மறைக்கும் அளவுக்கு நீளலாம். ஆண் பெண்ணைப் போலவும் பெண் ஆணைப் போலவும் உடுத்திக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். மறைக்க வேண்டிய எல்லையும் இருவருக்கும் வேறு வேறு.

இந்த விதிகள் வந்த விதத்தில் நமக்கு இரண்டு படிப்பினைகள் உள்ளன. பட்டு ஆண்களுக்கு ஆகாது என்றாலும், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவருக்கும் உடலில் அரிப்பு ஏற்பட்டபோது அவர்கள் பட்டு அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். உடம்பின் துன்பம் உடை விஷயத்தில் கணக்கில் எடுக்கப்பட்டது. மற்றொன்று, கீழாடையின் நீளம் பற்றிய பேச்சு வந்தபோது, பெண்கள் என்ன செய்வது என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு சாண் இறக்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அப்போதும் பாதம் தெரியுமே என்று அவர்கள் மறுபடி கேட்டார்கள். ஒரு முழம் வரை இறக்கலாம், அதற்குமேல் வேண்டாம் என்று பதில் கிடைத்தது. உடுத்தப்போகிறவர் கேட்டார், அவருக்கு வேண்டியது கிடைத்தது. நம் வீடுகளில் பெண்ணிடம் "இது உனக்கு வசதியாக இருக்கிறதா?" என்று கேட்டு எத்தனை நாளாயிற்று?

இனி வழக்கத்துக்கு வருவோம். எது ஆண் உடை, எது பெண் உடை என்பதைப் பெரும்பாலும் அந்தந்த ஊர் வழக்கமே முடிவு செய்கிறது. கைலியையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்மாவட்டங்களில் இதைச் சாரம் என்பார்கள். தமிழ்நாட்டில் இது ஆண் உடை. பர்மாவிலோ லோஞ்ஜி என்ற பெயரில் ஆணும் பெண்ணும் உடுத்துகிறார்கள். துணி ஏறக்குறைய ஒன்றுதான், கட்டுவதில்தான் வேறுபாடு. ஆண் முன்பக்கம் முடிச்சுப் போடுகிறார், பெண் மடித்து இடுப்பின் பக்கவாட்டில் செருகுகிறார். பர்மாவில் வாணிபம் செய்த குடும்பங்களில் மூத்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குக் காயின் பெலிக்காட் என்று பெயர். பெலிக்காட் என்பது நம் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடுதான். அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய துணி அதன் பெயரையும் கொண்டு போயிற்று.

பெண்களின் வெளி உடையும் அப்படியே. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் நம் பாட்டிமார் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வெளியே போனார்கள். கறுப்பு அபாயா பரவலானது வளைகுடாப் பயணங்கள் பெருகிய பிறகு. துப்பட்டியும் மறைத்தது, அபாயாவும் மறைக்கிறது. மறைத்தல் மார்க்கம். நிறமும் தையலும் வழக்கம். வழக்கம் மாறக்கூடியது என்பதால், நம் வெயிலுக்கும் வேலைக்கும் ஏற்ற துணியையும் தையலையும் தேர்ந்தெடுக்க நமக்கு இடம் இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் உடை ஆகுமா ஆகாதா என்ற சந்தேகம் இருந்தால் நம் பள்ளி இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

4. பாக்கெட் எங்கே போனது?

மார்க்கமும் இல்லை, நம் ஊர் வழக்கமும் இல்லை, தைத்து விற்பவர்கள் வைத்ததுதான் என்று சொல்லத்தக்க ஒரு வேறுபாடு உண்டு. அதுதான் பாக்கெட்.

நம் ஆண்கள் கைலியின்மேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டைப் பிள்ளைகளும் அறிவார்கள். அதில் பணத்துக்கு ஒரு அறை, சில்லறைக்கு ஒரு அறை. பாட்டிமார் இடுப்பில் சுருக்குப்பை செருகியிருந்தார்கள். வெற்றிலையும் காசும் சாவியும் அதில் இருக்கும். இருவருக்கும் இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்தது. பிறகு ஆண்களுக்குச் சட்டைப் பையும் பேண்ட் பையும் வந்தன. பெண்களுக்குச் சேலையிலிருந்து சுடிதாருக்கும் நைட்டிக்கும் மாறியபோது சுருக்குப்பை போயிற்று, அதற்கு ஈடாகப் பாக்கெட் வரவில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. ஐரோப்பாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆண்களின் கோட்டிலேயே பை வைத்துத் தைத்தார்கள். பெண்கள் தனியே ஒரு பையை நாடாவில் கோத்து, பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெலிந்த கவுன்கள் நாகரிகமானபோது அந்தப் பைக்கு உள்ளே இடமில்லாமல் போய், கையில் தூக்கும் சிறு பை வந்தது. இன்றைய ஹேண்ட்பேக்கின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இன்று உலகம் முழுவதும் இளைஞர்கள் உடுத்தும் ஜீன்ஸைப் பாருங்கள். அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர், உழைப்பாளிகளின் பேண்டில் பாக்கெட் மூலை கிழியாமல் இருக்கச் செப்பு ஆணி அடித்தார். அவரும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆண்களின் ஜீன்ஸ் பாக்கெட்டை மையமாக வைத்துப் பிறந்த உடை என்றே சொல்லலாம். பெண்களுக்கென்று அந்த நிறுவனம் ஜீன்ஸ் வெளியிட்டது 1934இல். 2018இல் அமெரிக்காவின் தி புட்டிங் என்ற இணைய இதழ் 20 நிறுவனங்களின் ஜீன்ஸ்களை எடுத்து அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட், ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு.

பாக்கெட் ஒரு சின்ன விஷயம்போலத் தோன்றும். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் காய்கறிப் பை, அதற்குமேல் கைப்பேசியும் பர்ஸும் எங்கே வைப்பது? பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை வேண்டும். கைப்பேசியைக் கையில் வைத்திருப்பவரிடம்தான் பறிப்பது எளிது. அவசரத்தில் உதவிக்கு அழைக்க வேண்டிய கைப்பேசி பையோடு எங்கோ மாட்டிக் கிடந்தால் பயன் என்ன? சுடிதார் டாப்ஸிலும் நைட்டியிலும் புர்காவிலும் பக்கத் தையலில் ஒரு பை வைத்துத் தருமாறு தையற்காரரிடம் சொன்னால் போதும். வெளியே தெரியாது. துணி கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், தைத்த பிறகு பிரித்துத் தைப்பது கூடுதல் வேலை.

இன்னும் சில சிறு வேறுபாடுகளும் கடைகளில் உண்டு. ஆண்கள் சட்டையில் பட்டன் வலப்பக்கம், பெண்கள் சட்டையில் இடப்பக்கம். ஆண்கள் சட்டை 38, 40, 42 என்று மார்பு அளவில் வரும். பெண்களுக்கு எஸ், எம், எல் என்ற எழுத்துதான், அது கடைக்குக் கடை மாறும். ஆகவே எழுத்தை நம்பாமல், வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு டாப்ஸை அளந்து, மார்பு, தோள், நீளம் மூன்றையும் குறித்துக்கொண்டு போவது நல்லது.

5. பாதுகாப்பு: உயிரோடு தொடர்புள்ள பகுதி

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள்.

அடுப்பு. இந்தியாவில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பெண்கள் பாதிக்கப்படுவதற்குத் திறந்த அடுப்பும், அதில் பற்றிக்கொள்ளும் தளர்ந்த உடையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பருத்தியும் தீப்பிடிக்கும். பாலியெஸ்டரும் நைலானும் அதோடு நிற்காமல் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், அதனால் காயம் ஆழமாகும். சமையல் செய்யும்போது பருத்தி உடை, முழங்கைக்குக் கீழே தொங்காத கை, பின்னால் முடிச்சிட்ட அல்லது கழற்றி வைத்த ஷால். இந்த மூன்றும் போதும். பளபளக்கும் சாட்டின் நைட்டியோடு அடுப்படிக்குப் போக வேண்டாம்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, ஓடினால் காற்றில் தீ வளரும். உடனே தரையில் படுத்து உருள வேண்டும். அருகில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் மூடித் தீயை அணைக்கலாம். அணைந்த பின் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்த்து எடுக்காதீர்கள். பற்பசை, மை, மாவு எதையும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி 108ஐ அழையுங்கள்.

சக்கரம். வண்டியின் பின்னால் உட்காரும் பெண்ணின் துப்பட்டாவும் புர்காவின் ஓரமும் பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால், கழுத்தை இறுக்கும் அல்லது ஆளைக் கீழே தள்ளும். ஒரு நொடியில் நடப்பது இது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு இருசக்கர வாகனத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நாம் சேலை கார்டு என்று சொல்வது இதைத்தான். வண்டி அழகாகத் தெரிய வேண்டும் என்று அதைக் கழற்றும் தம்பிமார்களே, பின்னால் உட்காரப்போவது உங்கள் உம்மாவும் தங்கையும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும் பெண்கள் துப்பட்டாவின் இரு முனையையும் முன்பக்கம் கொண்டுவந்து செருகி, புர்காவின் ஓரத்தைத் தொடைக்கு அடியில் மடக்கிவிட்ட பிறகே வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டும். மாவு மில், கிரைண்டர், தையல் மெஷின் அருகிலும் இதே கவனம் தேவை.

பின். மக்கனா கட்டும்போது பல பெண்கள் குண்டூசியை உதட்டில் பிடித்துக்கொள்கிறார்கள். அந்நேரம் பேசினாலோ சிரித்தாலோ இருமினாலோ அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பெண்கள் தலைமறைப்பு அணியும் பல நாடுகளின் மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கருவியை உள்ளே விட்டு எடுக்க வேண்டிவரும், சில நேரம் அறுவைச் சிகிச்சைவரை போகும். பெரும்பாலும் இளம்பெண்களுக்கே இது நேர்கிறது. குண்டூசிகளைத் தட்டிலோ மேசையிலோ வைத்து எடுக்கப் பழக்குங்கள். உள்ளே ஒரு தொப்பி வைத்து மூடிய ஊக்கு போடலாம், அல்லது தைத்த மக்கனா அணியலாம். காந்தப் பின் வாங்குபவர்கள் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களைப் பிள்ளை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெரும் சேதம் செய்யும்.

6. ஆண்பிள்ளைகளுக்கான பாடம்

வெட்கம் பற்றிய உபதேசத்தை நம் மேடைகளில் பெண்களுக்கே அதிகம் செய்கிறோம். அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தவும் கற்பைப் பேணவும் முதலில் கட்டளை பெறுபவர்கள் ஆண்கள், 30ஆம் வசனத்தில். பெண்களுக்கான கட்டளை அதற்கு அடுத்த வசனத்தில் வருகிறது. வரிசையைக் கவனியுங்கள்.

ஆணுக்குத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி மறைக்கப்பட வேண்டும் என்பதில் ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. முழங்கால் அதில் சேருமா என்பதில் மட்டுமே கருத்து வேறுபாடு. அப்படியிருக்க, தொடை தெரியும் ஷார்ட்ஸுடன் தெருவில் கிரிக்கெட் ஆடுவதையும் டீக்கடையில் நிற்பதையும் யாரும் கண்டிப்பதில்லை. இடுப்புக்குக் கீழே இறங்கிய ஜீன்ஸும் கட்டையான டி-ஷர்ட்டும் போட்டு ஜும்ஆவுக்கு வந்து ஸஜ்தா செய்யும்போது பின் வரிசையில் இருப்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதாகிறது. தொழுகையில் அவ்ரத் வெளிப்படுவது தொழுகையையே பாதிக்கும் விஷயம். கைலியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

டி-ஷர்ட்டில் அச்சடித்த ஆங்கில வாசகத்தையும் படித்துப் பார்த்து வாங்குங்கள். மது நிறுவனத்தின் பெயரையும் கெட்ட வார்த்தையையும் பொருள் தெரியாமலே நெஞ்சில் சுமந்து வரும் பிள்ளைகள் உண்டு.

தீர்வு எளிது. டி-ஷர்ட் கையைத் தூக்கினாலும் இடுப்பை மறைக்கும் நீளம் இருக்கட்டும். விளையாட்டுக்கு முழங்காலைத் தாண்டும் முக்கால் பேண்ட் எடுக்கலாம். கடையிலேயே குனிந்து, உட்கார்ந்து பார்த்து வாங்கட்டும். மகளுக்கு நாம் எத்தனை முறை திரும்பிப் பார்த்து எடுக்கிறோமோ அத்தனை முறை மகனுக்கும் பார்ப்போம். வீட்டில் ஒரே விதி இருந்தால்தான் பிள்ளைகள் அதை நியாயம் என்று ஏற்பார்கள். அண்ணனை விட்டுவிட்டுத் தங்கையை மட்டும் அதட்டினால், அவள் மனதில் பதிவது மார்க்கம் அல்ல, மனக்குறைதான்.

7. துணி எடுக்கும்போது

வாங்குமுன் உள்ளே தைத்திருக்கும் பட்டியைப் படியுங்கள். பருத்தி எத்தனை சதவீதம், பாலியெஸ்டர் எத்தனை என்று பல ஆயத்த ஆடைகளில் போட்டிருக்கும். ரேயான் குளுமையாக இருக்கும், ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். அதை வெளியே உடுத்தலாம், அடுப்படிக்கு வேண்டாம்.

பட்டி இல்லாத துணியில் ஓர் இழையை உருவி, எவர்சில்வர் தட்டில் வைத்து, பெரியவர் ஒருவர் தீக்குச்சியால் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு மிருதுவான சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணிபோல நிற்கும்.

அன்றாட உடைக்கும் விசேஷ உடைக்கும் பட்ஜெட்டைப் பிரித்து வையுங்கள். ஒருநாள் உடுத்தும் பெருநாள் உடைக்குப் பெரும் தொகை, தினமும் உடுத்தும் நைட்டிக்குக் கிடைத்த விலை என்பது தலைகீழ்க் கணக்கு. உண்பதிலும் உடுப்பதிலும் வீண் விரயமும் பெருமையும் வேண்டாம் என்பது நபிமொழியின் பாடம். நல்ல பருத்தித் துணியில் நான்கு அன்றாட உடை எடுப்பது விரயமாகாது.

ஏழை எளியோருக்குத் துணி வழங்கும் நல்ல உள்ளங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆணுக்குக் கொடுக்கும் கைலியை மூட்டினால் அன்றே உடுத்தலாம். பெண்ணுக்குக் கொடுக்கும் சுடிதார் மெட்டீரியலைத் தைக்கக் கூலி வேண்டும், லைனிங் துணி வேண்டும். அதற்கு வழியில்லாத சகோதரியின் பெட்டியில் அந்தத் துணி அப்படியே கிடக்கும். ஆகவே துணியோடு தையற்கூலியையும் சேர்த்துக் கொடுங்கள், அல்லது பருத்தியில் தைத்த உடையாகக் கொடுங்கள். நம் மஹல்லாவில் தையல் தொழில் செய்யும் சகோதரிகளிடமே அந்த வேலையைக் கொடுத்தால் இரண்டு குடும்பங்களுக்கு உதவியாகும். வழங்குமுன், என்ன வேண்டும் என்று வாங்குபவரிடமே கேட்டுவிடுவது இன்னும் சிறப்பு.

8. குடும்பமாகப் பேசிப் பார்க்க

அ. ஆடையின் மூன்று வேலைகள் எவை? இன்று நீங்கள் உடுத்தியிருக்கும் உடை அவற்றில் எத்தனையைச் செய்கிறது?

ஆ. நம் வீட்டில் சமையலறையில் உடுத்தும் உடைகள் பருத்தியா? ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

இ. நம் வண்டியில் சேலை கார்டு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரம் யார் மாட்டப் போகிறார்?

ஈ. உம்மாவிடமும் சகோதரிகளிடமும் கேளுங்கள்: உங்கள் அன்றாட உடையில் மாற்ற வேண்டும் என்று நினைப்பது எது? சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

உ. மகனுக்கும் மகளுக்கும் உடை விஷயத்தில் நாம் சொல்லும் விதிகளை ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதுங்கள். மார்க்கம் வகுத்த வேறுபாடு எது, நாமாகச் சேர்த்தது எது என்று குறியுங்கள்.

இந்தப் பெருநாளுக்குக் கடைக்குப் போகும்போது ஆணின் உடைக்கு மறைப்பையும் பெண்ணின் உடைக்குப் பாதுகாப்பையும் மறக்காமல் பார்த்து எடுப்போம். உடுத்தும் ஆடையை அருட்கொடையாகத் தந்த அல்லாஹ், இறையச்சம் என்னும் மேலான ஆடையையும் நம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அணிவிப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்